மோட்டார் ரூமில் நின்ற கார்

1

போன ஞாயிற்றுக்கிழமை, நார்வேயின் மலைக்கிராமம் ஒன்றில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் ஆட்டுக்கொட்டகை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். நான் கேட்க நினைத்தது கார் சார்ஜர். இந்த ஊர் மொழியில் சார்ஜர் என்பது லாடெரென், கொட்டகை என்பது லாடென். நடுவில் ஒரு எழுத்தை விழுங்கினால் மின்சாரம் போய் வைக்கோல் வந்துவிடும். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் நாக்கு அந்த எழுத்தை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பெரியவர் எதுவும் கேட்கவில்லை. இந்த நாட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு தமிழ்ப் பெண் பனியில் கார் ஓட்டி வந்து கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றால், அதற்கு அவளுக்கு ஏதோ காரணம் இருக்கும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பெரிய மரக்கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே இருந்த ஆடுகள் எல்லாம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. நானும் பார்த்தேன். நல்ல ஆடுகள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

காரில் இருந்த என் மகள் மீரா, ஜன்னலுக்குக் கீழே தலை போகும் அளவுக்குச் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை பல வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. அன்றைக்கு அவளே இறங்கி வந்து பெரியவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. சார்ஜர் அடுத்த பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, ஆனால் கொட்டகையிலும் ஒரு பிளக் உண்டு, சாயங்காலம் வரை போட்டு வைத்தால் அங்கே போய்ச் சேரும் அளவுக்கு ஏறிவிடும் என்றார் அவர். வயரைச் சொருகிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆடுகளுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் காரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. என்ன என்று மீரா கேட்டாள். உங்கள் தாத்தாவும் இப்படித்தான் ஒரு தோட்டத்தில் மாட்டிக்கொண்டார் என்றேன். தாத்தா காலத்தில் ஏது எலெக்ட்ரிக் கார் என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். நீங்களும் நினைக்கலாம்.

2

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா கருமத்தம்பட்டியில் விசைத்தறி போட்டிருந்தார். நான் கோயமுத்தூரில் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பாவு நூல் ஏற்றும் டெம்போவுக்குப் பேட்டரி வாங்கப் போன அப்பா, பேட்டரி இல்லாமல் திரும்பி வந்தார். கார் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

உக்கடத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த காதர் பாய்தான் அந்தக் காரைக் காட்டியவர். கணபதிப் பக்கம் ஒரு ஷெட்டில் சிலர் சேர்ந்து மின்சாரக் கார் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பேட்டரி கொடுத்தவர் பாய். முன்னால் இரண்டு பேர், பின்னால் குழந்தைகள் உட்காரும் அளவுக்கு ஒரு பலகை. வெண்ணெய் நிறம். அப்பாவுக்கு மோட்டாரில் இருந்த நம்பிக்கை இஞ்சினில் இருந்ததில்லை. தறிக்கு மோட்டார், கிணற்றுக்கு மோட்டார், மாவு ஆட்ட மோட்டார், காருக்கு மட்டும் எதுக்குங்க நெருப்பு வெச்சு ஓட்டறது என்று பாயிடம் கேட்டிருக்கிறார். பாயும் அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கரெண்ட் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டாள். கரெண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் நூல் வாங்கப் போக வேண்டியதில்லை, அப்புறம் கார் எதற்கு என்றார் அப்பா. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வண்டியைப் பதிவு செய்யப் போன இடத்தில் அதிகாரி பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே வரிசையாகப் பேட்டரிகள். இஞ்சின் நம்பர் எங்கே என்றார். இஞ்சினே இல்லை என்றார் அப்பா. இஞ்சின் இல்லாததை வண்டி என்று எப்படி எழுதுவது என்பது அதிகாரியின் சங்கடம். அவர் கெட்டவர் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து, தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, கடைசியில் நடக்க முடியாதவர்களுக்கான வண்டி என்ற பிரிவில் இதைச் சேர்க்கலாம் என்று வழி கண்டுபிடித்தார். பிறகு அப்பாவின் கால்களை மரியாதையாக ஒரு பார்வை பார்த்தார். அப்பா எழுந்து அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்து காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். அடுத்து நாலைந்து நடை. எப்படியோ ஒரு நம்பர் கிடைத்தது.

அதைவிடப் பெரிய கூத்து புகைச் சான்றிதழ். அவிநாசி ரோட்டில் வேனுக்குள் மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தன் கருவியின் குழாயைக் கையில் பிடித்தபடி காரின் பின்பக்கம் குனிந்து தேடினார். சொருக இடம் இல்லை. இந்த வண்டி புகையே விடாது என்று அப்பா சொன்னார். அவர் நிமிர்ந்து, பணிவாகவே பதில் சொன்னார்.

"பொகை இல்லைங்கறதைப் பாக்கறதுக்கும் பொகைக்கொழா ஒண்ணு வேணுமில்லீங்களா."

அப்பா அதை மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, போர் போட்டபோது மிச்சமான பி.வி.சி. பைப்பில் ஒரு முழம் அறுத்து, காரின் பின்னால் கிளாம்ப் போட்டு மாட்டினார். திரும்பப் போனார். வேன்காரர் அந்தப் பைப்புக்குள் கருவியைச் சொருகி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட் ஆகித்தான் இருக்கிறது என்றார் அப்பா. மெஷின் பூஜ்யம் காட்டியது. இத்தனை நல்ல வண்டியை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தார். அந்தப் பைப்பை அப்பா கடைசி வரை கழற்றவில்லை.

3

இங்கே நாங்கள் கார் வாங்கியது ஒரு மத்தியான இடைவேளையில். நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, போனில் என் அடையாள எண்ணை அடித்து, கட்டைவிரலை வைத்தேன். கார் என்னுடையதாகிவிட்டது. ரொட்டியில் பாதி மீதி இருந்தது. யாரும் பானெட்டைத் திறக்கவில்லை, யாரும் என் காலைப் பார்க்கவில்லை. வசதிதான், ஆனால் அப்பாவிடம் போனில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. வாங்கியாயிற்று என்றேன். அப்புறம் என்றார். அவ்வளவுதான் என்றேன். அவருக்கு என்னவோ என்னை நினைத்துப் பாவமாக இருந்தது போல, பேச்சை மாற்றிவிட்டார்.

சார்ஜ் போடும் இடங்களில் ஆறேழு கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் தனியாக உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். அரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டு, ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் கிளம்பிப் போவோம்.

அப்பாவின் காரில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வழியே கிடையாது. அதற்குச் சத்தம் இல்லை. அதனால் அது நின்றால், நின்றுபோய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சூலூர் பிரிவில் ஆள் கடப்பதற்காக அப்பா பிரேக் போட்டால், டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தள்ளுவார்கள். வேண்டாங்க, வண்டி ஓடும்ங்க என்று அப்பா ஜன்னல் வழியாகச் சொல்வார். பரவாயில்லைங்க, இதிலென்ன இருக்குது என்று அவர்கள் தள்ளிக்கொண்டே வருவார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் மோட்டாரைப் போடுவார். சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், தள்ளியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

ஒரு முழு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனியார் சொல்லியிருந்தார்கள். அறுபது என்று அப்பாவும் எல்லாரிடமும் சொன்னார். உண்மையில் நாற்பதுதான். இது அம்மாவுக்குத் தெரியும். வண்டி நின்றுபோகும் இடத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் அவள்தான்.

4

அந்த ஆடி மாதம், அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் காரிலேயே போவது என்று அப்பா முடிவு செய்தார். அவருக்குக் குதிரை வாங்கும் எண்ணம் எதுவும் இல்லை. அவ்வளவு குதிரைகளுக்கு நடுவில் தன் காரைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கோபியில் ஒரு நூல் வியாபாரி வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு மேலே போவது திட்டம். கோபி ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அப்பாவின் கணக்குப்படி இன்னும் ஐந்து மிச்சம் இருக்கும்.

அம்மா மறுத்தே பேசவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அரை மூட்டைத் தேங்காயைப் பின்பலகையில் என் காலடியில் வைத்தாள். கோபிக்காரருக்கு எதற்கு இத்தனை தேங்காய் என்றேன். இருக்கட்டும் என்றாள். அவிநாசி தாண்டுமுன், இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திருமுருகன்பூண்டி கோயிலைப் பார்க்காமல் போவதா என்று வண்டியைத் திருப்பச் சொன்னாள். சாமி விஷயத்தில் அப்பா எதிர்த்துப் பேச மாட்டார். போய்வரப் பத்துக் கிலோமீட்டர் சுற்று, கும்பிட்டுவிட்டு வந்தோம்.

சேவூர் தாண்டி நம்பியூரை நெருங்கும்போது கார் தளர ஆரம்பித்தது. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். பிறகு அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த ஆடு எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வேலியோரத்தில், இரண்டு தென்னைக்கு நடுவில் இருந்த தட்டிப்படலுக்கு நேரே வண்டி நின்றது.

அது என் பெரியப்பாவின் தோட்டம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அவர்கள் கட்டிக்கொண்டதும் கூடப்பிறந்தவர்களைத்தான். பெரியம்மா என் அம்மாவின் சொந்த அக்கா. பாகம் பிரித்தபோது கிணறும் மோட்டாரும் பொதுவில் இருந்தன, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அப்பாவின் முறையில் பெரியப்பா பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கொண்டுபோய்விட்டார் என்பது அப்பா சொல்வது. என் முறையில் தண்ணீரைத் திருப்பினான், அதனால்தான் பிடுங்கினேன் என்பது பெரியப்பா சொல்வது. அப்பா தன் பங்கை விற்றுவிட்டுக் கருமத்தம்பட்டிக்கு வந்து தறி போட்டார். நான் அப்போது பாவாடை கட்டிக்கொண்டு ஆரம்பப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அவர்கள் பேசாததால் அக்காவும் தங்கையும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் நின்றது. யார் வீட்டுக் கல்யாணத்திலாவது, பந்தியில் எதிரெதிராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் உண்டு.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா படலைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் துண்டு. காரை ஒரு சுற்றுச் சுற்றினார், பின்னால் இருந்த பைப்பிடம் கொஞ்ச நேரம் நின்றார். என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"கண்ணு, வண்டிக்கு என்ன வேணும்னு கேளு."

அப்பா முன்பக்கம் பார்த்தபடியே சொன்னார். "கரெண்ட்டு வேணும்னு சொல்லு கண்ணு."

இருவருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. நான் கரெண்ட் வேண்டுமாம் பெரியப்பா என்றேன். எத்தனை நேரம் ஆகும் என்று கேள் என்றார் அவர். ராத்திரி பூராவும் ஆகும் என்று சொல் என்றார் இவர். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா கதவைத் திறந்து இறங்கி, தேங்காய் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

5

வீட்டில் இருந்த பிளக்கில் போட்டதும் பியூஸ் போய், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. அந்தக் காருக்குத் தாங்கும் அளவுக்குக் கரெண்ட் இருந்த ஒரே இடம் கிணற்றடி மோட்டார் ரூம். பண்ணையத்து ஆட்கள் நாலு பேர் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சண்டை பிறந்த அதே சுவரில், அந்தப் பியூஸ் கட்டைக்குக் கீழே, அப்பா பிளக்கைச் சொருகினார். பெரியப்பா வாசலில் நின்று வேறெங்கோ பார்த்தார்.

மோட்டார் லைனில் கரெண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்தால் கொஞ்ச நேரம், போனால் பாதி நாள். ஒரு ராத்திரி என்று நினைத்தது இழுத்துக்கொண்டே போனது. அப்பா சாப்பாட்டு நேரம் தவிர காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என் வழியாக மட்டும் பேசினார்கள். உப்பு வேணுமா என்று கேட்பதற்குக்கூட என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினார்கள்.

அடுப்படியில் வேறு உலகம் நடந்துகொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம், வண்டி இந்த வாசலில் வந்து நின்றதைப் பார்த்தாயா என்றேன். அம்மா துருவுவதை நிறுத்தவில்லை.

"நாப்பதுக்கு மேல அது ஓடாதுனு எனக்குத் தெரியாதா கண்ணு."

கோயிலும் தேங்காய் மூட்டையும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்த முந்தானையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் காலை லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏதோ வேலை. முடித்துவிட்டு மோட்டார் ரூம் பக்கம் வந்தவர், பிளக்கில் கார் இருப்பதைப் பார்த்து நின்றார். தோட்டத்துக்குக் கொடுப்பது இலவச மின்சாரம். விவசாயத்துக்கு மட்டும்தான். அதில் கார் ஓட்டினால் திருட்டு. இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கிணற்று இணைப்புப் போனால் பெரியப்பாவின் மஞ்சள் வெள்ளாமை மொத்தமும் காய்ந்துவிடும். அப்பா பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

பெரியப்பா அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"காருன்னு ஆருங்க சொன்னாங்க? இது என்ற தம்பி வண்டிங்க. தோட்டத்துக்கு எருவு அடிக்கறது."

லைன்மேன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். வாங்கி இத்தனை மாதமாகியும் அப்பா சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. எரு அடிக்கிற வண்டிக்கு எதற்கு உறை என்று கேட்டார்.

"எருவு சீட்டுல ஒட்டாம இருக்கத்தானுங்க" என்றார் அப்பா.

இந்தப் பைப் எதற்கு என்று லைன்மேன் பின்பக்கத்தைக் காட்டினார். அதில்தான் தண்ணீர் பாய்ச்சுவது என்றார் பெரியப்பா, யோசிக்காமல்.

லைன்மேன் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். எரு அடிப்பதைத் தாம் ஒருமுறை பார்த்துவிட்டால் மனசுக்குச் சமாதானமாக இருக்கும் என்றார்.

அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். குப்பைமேட்டிலிருந்து கூடை கூடையாக எரு வந்தது. ஒருவர் மண்வெட்டியால் அள்ள, மற்றவர் கூடையைத் தூக்கிக் கொண்டுவந்து, வெண்ணெய் நிறக் காரின் முன்சீட்டிலும் பின்பலகையிலும் கொட்டினார். கொட்டியது அப்பா. ஒரு கூடைகூட வெளியே சிந்தவில்லை. பிறகு எருவுக்கு நடுவில் கொஞ்சம் இடம் பண்ணி உட்கார்ந்து, ஏறியிருந்த சொற்ப சார்ஜில் காரை மஞ்சள் காட்டு வரப்புவரை ஓட்டிப் போனார். பெரியப்பா பின்னால் தள்ளிக்கொண்டே ஓடினார். தள்ள வேண்டிய அவசியமே இல்லை. டீக்கடையில் இருந்தவர்களைப் போல அவரும் தள்ளினார்.

காட்டில் எருவை இறக்கி முடித்ததும், லைன்மேன் எழுந்து கும்பிட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். போகும்போது, இந்த மாதிரி வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

வரப்பில் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். இந்த வாசம் வண்டியை விட்டுப் போகுமா என்று பெரியப்பா கேட்டார். என்னைக் கூப்பிடாமல், நேராகக் கேட்டார்.

"போகாட்டிப் போகட்டுங்ணா" என்றார் அப்பா.

6

கொட்டகைக்காரப் பெரியவர் சாயங்காலம் ஒரு தட்டில் வாஃபிளும் ஜாமும் கொண்டுவந்து வைத்தார். மீரா காரிலிருந்து இறங்கி வந்து, வைக்கோல் கட்டின் மேல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரியவருக்கும் கதையைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவளே சொன்னாள். புகைக்குழாய் இடத்தில் அவர் லேசாகச் சிரித்தார். எரு வந்தபோது தொப்பியைக் கழற்றிவிட்டார். எருவுக்கு நார்வேஜிய மொழியில் அவளிடம் நல்ல சொல் இருந்தது. ஆனால் "போகாட்டிப் போகட்டுங்ணா" வந்ததும் நின்றுவிட்டாள். இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்த்தாள், சரிவரவில்லை. கடைசியில் அதைத் தமிழிலேயே சொன்னாள். பெரியவர் தலையாட்டினார்.

பிறகு என்ன ஆயிற்று என்று தமிழில் என்னிடம் கேட்டாள். சந்தைக்குப் போனீர்களா?

7

போகவில்லை. கார் முழுதாகச் சார்ஜ் ஏறியபோது சந்தை முடிந்து குதிரைகள் ஊருக்குத் திரும்பிவிட்டன.

அதற்குப் பிறகு அந்தக் கார் கிட்டத்தட்ட ஒரே பயணத்தைத்தான் செய்தது. கருமத்தம்பட்டியிலிருந்து பெரியப்பா தோட்டம், கோயில் சுற்று இல்லாமல் முப்பது கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால் திரும்ப சார்ஜ் இருக்காது. மோட்டார் ரூமில் போட்டுவிட்டு ஒரு ராத்திரியாவது தங்கித்தான் ஆக வேண்டும். மாதத்தில் இரண்டு தடவை போனோம். அம்மா ஒருமுறைகூடக் காரைக் குறை சொல்லவில்லை. பின்னர் கணபதி ஷெட்டை மூடிவிட்டார்கள். பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. காதர் பாயாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பா ஒரு பெட்ரோல் கார் வாங்கினார்.

எனக்குக் கல்யாணமாகி இந்த நாட்டுக்குக் கிளம்புவதற்குமுன், சொல்லிக்கொள்வதற்காகப் பெட்ரோல் காரில் பெரியப்பா தோட்டத்துக்குப் போனோம். ஒரு மணி நேரத்தில் போய்விட்டோம். சாப்பிட்டோம். பொழுது சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. அன்றே திரும்ப ஒரு தடையும் இல்லை. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெரியப்பா காரைச் சுற்றிப் பார்த்தார். அதன் புகைக்குழாயை, பானெட்டை, டயரை.

"ஏந்தம்பி, இதுக்கு சார்ஜு போட வேண்டாமா?"

அப்பா சாவியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் சாவியைப் போட்டுக்கொண்டார்.

"போடோணுங்ணா. எப்படியும் காத்தால வரைக்கும் ஆகும்."

பெரியம்மா ஏற்கெனவே படுக்கைகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள்.